“ரிப்ளை” என்ற ஒரு சொல்லால் காணாமல் போன நோட்டீஸ்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அண்ணாச்சி போன் செய்தார். பாளையங்கோட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார், ஜிஎஸ்டி வந்த நாளிலிருந்து அவருக்கு நான்தான் ரிட்டர்ன் போடுகிறேன்.

“தம்பி, நம்ம ஜிஎஸ்டி நம்பரு சஸ்பெண்ட்ல கிடக்குன்னு சரக்கு வாங்குற பார்ட்டி சொல்லுதாவ. என்னன்னு பாருங்க.”

போர்ட்டலைத் திறந்து பார்த்தேன், உண்மைதான். பதிவை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று கேட்கும் ரெக்-17 நோட்டீஸ் வந்து ஐந்து வேலை நாள் ஓடிவிட்டது. பதில் போட மொத்தமே ஏழு வேலை நாள்தான். கடையை அடுத்த தெருவுக்கு மாற்றியதைப் பதிவில் திருத்தாமல் விட்டிருந்தோம், அதுதான் காரணம்.

என் மனதை அறுத்தது வேறு விஷயம். அவருடைய பதிவில் இருப்பது என் மெயில் முகவரி. அறிவிப்பு எனக்குத்தான் வந்திருக்க வேண்டும். இன்பாக்ஸில் இல்லை, ஸ்பாமில் இல்லை, போனிலும் இல்லை. கடைசியில், நான் மெயில் பார்க்கும் தண்டர்பேர்ட் மென்பொருளின் மேலே உள்ள தேடல் பெட்டியில் அண்ணாச்சியின் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டபோது கிடைத்தது. இருந்த இடம், கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும் லோக்கல் ஃபோல்டர்ஸுக்குக் கீழே நானே உருவாக்கி வைத்திருந்த “விளம்பரம்” என்ற ஃபோல்டர். தடித்த எழுத்துகூட இல்லை, ஏற்கெனவே படித்த மெயில் போல மெல்லிய எழுத்தில் கிடந்தது. அதே ஃபோல்டரில் அப்படி 300-க்கு மேல்.

நடந்தது இதுதான். அதற்கு மூன்று வாரம் முன்பு, விளம்பர மெயில் தொல்லை தாங்காமல், வரும் மெயிலைத் தானாகப் பிரித்து ஒதுக்கும் ஃபில்டர் ஒன்று போட்டேன். டூல்ஸ் மெனு, மெசேஜ் ஃபில்டர்ஸ், நியூ, இதில் சிரமம் எதுவும் இல்லை. தலைப்பில் “ஆஃபர்” இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. அனுப்புநர் முகவரியில் “ரிப்ளை” இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. நோரிப்ளை என்று சேர்த்தும் நடுவில் கோடு போட்டும் எழுதுகிறார்களே, இரண்டையும் பிடிக்கட்டும் என்றுதான் அந்த ஒரு சொல்லை மட்டும் கொடுத்தேன். ஆனால் மேலே “எல்லாம் பொருந்தினால்” என்பதற்குப் பதில் “ஏதாவது ஒன்று பொருந்தினால்” என்பதைத் தேர்ந்திருந்தேன். ஜிஎஸ்டி போர்ட்டல் மெயில் அனுப்பும் முகவரி டோநாட்ரிப்ளை என்று தொடங்கும். அதிலும் “ரிப்ளை” இருக்கிறதே! தலைப்பில் ஆஃபர் இல்லாவிட்டாலும் போய்விட்டது.

இது ஒரு பங்குதான். “படித்ததாகக் குறி” என்ற செயலையும் சேர்த்திருந்தேன், அதனால் ஃபோல்டர் பெயருக்குப் பக்கத்தில் எண்ணிக்கையே ஏறவில்லை. மெயிலை சர்வரிலேயே வைத்து எல்லாக் கருவியிலும் காட்டும் ஐமேப் கணக்கிலிருந்து லோக்கல் ஃபோல்டருக்கு நகர்த்தினால் சர்வரில் அந்த மெயில் இருக்காது, அதனால் போனிலும் தெரியவில்லை. ஒரு மெயில் கண்ணில் படுவதற்கு இருந்த எல்லா வழியையும் நானே அடைத்திருக்கிறேன்.

அன்று மாலைக்குள் வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது வாங்கி ரெக்-18 படிவத்தில் பதில் போட்டாயிற்று. அப்புறம் உட்கார்ந்து ஃபில்டர்களை முதலிலிருந்து போட்டேன்.

அலுவலக மெயில் வைத்து வேலை செய்பவர்கள் தயவுசெய்து முதலில் காப்பாற்றும் ஃபில்டரைப் போடுங்கள், ஒதுக்கும் ஃபில்டர் பிறகு. என் பட்டியலில் இப்போது முதலாவதாக இருப்பது: அனுப்புநர் முகவரி, அரசு முகவரிகளைப் போல ஜிஓவி டாட் இன் என்று முடிந்தால் “முக்கியம்” டேக் (சிவப்பு நிற அடையாளம்) போடு, நட்சத்திரம் வை, அதோடு நிறுத்து. கடைசியில் உள்ள “ஃபில்டர் ஓட்டத்தை நிறுத்து” என்ற செயல்தான் உயிர். ஃபில்டர்கள் மேலிருந்து கீழே வரிசையாக ஓடும், அந்த நிறுத்தம் இல்லாவிட்டால் கீழே இருப்பது எடுத்துப் போய்விடும். வரிசையை மாற்ற வலது பக்கத்தில் மேலே, கீழே பொத்தான்கள் இருக்கின்றன.

புதிய ஃபில்டர் எதையும் நேராக நகர்த்த விடாதீர்கள். ஒரு வாரம் டேக் மட்டும் போடட்டும். பழைய மெயில்கள் உள்ள ஃபோல்டரைத் தேர்ந்து “ரன் நவ்” கொடுத்தால் எது எது மாட்டுகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். நான் அப்படிச் செய்தபோது வங்கி ஸ்டேட்மென்ட் இரண்டு மாட்டின. ஃபில்டர் லாக் என்று ஒன்று உண்டு, அதையும் டிக் செய்து வையுங்கள். எந்த மெயிலை எந்த ஃபில்டர் தொட்டது என்று எழுதி வைக்கும். அது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்தச் செவ்வாய்க்கிழமை அரை மணி நேரம் மிச்சம்.

இன்னும் இரண்டு இடத்தில் நேரம் போயிற்று. ஃபில்டர்கள் கணக்குக்குக் கணக்கு தனி. என்னிடம் இரண்டு முகவரி. ஒன்றில் போட்டுவிட்டு மற்றதில் ஏன் ஓடவில்லை என்று ஒரு மாலை முழுக்கத் தேடினேன், ஃபில்டர் விண்டோவின் மேலே கணக்கை மாற்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மறுபடி டைப் செய்ய அலுத்து, ஃபில்டர் ஃபைலை அப்படியே நகல் எடுத்து இரண்டாவது கணக்கில் வைத்தேன். அதற்குள் பழைய கணக்கின் ஃபோல்டர் முகவரி எழுதியிருந்ததால் மெயில் எல்லாம் அங்கே போனது. நகல் எடுத்தால் ஒவ்வொன்றிலும் போய்ச் சேரும் ஃபோல்டரைத் திருத்தியே ஆக வேண்டும்.

இன்னொன்று, ஐமேப் கணக்கில் படிக்காத புது மெயில் மீதுதான் ஃபில்டர் தானாக ஓடும். காலையில் காபி குடிக்கும்போது போனில் திறந்து பார்த்துவிட்ட மெயிலை அலுவலகத்துக் கம்ப்யூட்டர் தொடாது. நாங்கள் ஞாயிறு மூடிவிடுவோம், அன்று வந்ததில் பாதி போனிலேயே படித்தாகிவிடும். அதனால் திங்கள் காலை முதல் வேலை இன்பாக்ஸ் மீது “ரன் நவ்”.

நடவடிக்கையைக் கைவிடும் ரெக்-20 ஆணை போன வெள்ளிக்கிழமை வந்தது. இன்பாக்ஸில், சிவப்பு எழுத்தில், நட்சத்திரத்தோடு, எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. உடனே அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.