மைனஸ் 0.3

"சரி மேடம்" என்று சொல்லிவிட்டேன். அந்தச் "சரி"யைத்தான் இத்தனை நாளாகத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஐந்து சிறு தேயிலைத் தோட்டங்கள். மூன்று கோத்தகிரிப் பக்கம், இரண்டு கூடலூர்ப் பக்கம். ஒவ்வொன்றிலும் ஆறு பாத்தி, மூன்றில் மண்ணை மூடிவைக்கும் மூடாக்கு, மூன்று சும்மா. ஜூன் முதல் மார்ச் வரை ஒவ்வொரு ரவுண்டிலும் பறித்த கொழுந்தின் எடை, மொத்தம் 22 ரவுண்டு. தோட்டத்துக்குள் பாத்தி, பாத்திக்குள் ரவுண்டு. மாடல் போடுவது என் வேலை. ஒரே பாத்தியில் திரும்பத் திரும்ப எடுத்த எடைகள் ஒன்றையொன்று எப்படிச் சார்ந்திருக்கின்றன என்பதற்கு நான் ஒரு வடிவம் கொடுத்தாக வேண்டும். எந்த வடிவமும் வேண்டாம், தரவே சொல்லட்டும் என்று விட்டால் 22 ரவுண்டுக்கு 253 எண்களை மதிப்பிட வேண்டும். கையில் இருப்பதோ 30 பாத்தி. அது நடக்காது.

முதலில் காலத்தை ஒரு நேர்கோடாக மட்டும் வைத்து ஏஆர்-ஒன் போட்டேன். பக்கத்துப் பக்கத்து ரவுண்டுகள் நெருக்கம், தள்ளிப் போகப் போகத் தொடர்பு தேயும் என்கிற வடிவம். நல்ல பாஸிட்டிவ் எண் வந்தது. எல்லோருக்கும் திருப்தி. அன்று இரவு படுக்கும்போதுதான் உறைத்தது. கூடலூருக்குத் தென்மேற்குப் பருவமழை அடித்துப் பெய்யும், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பர் வடகிழக்கு மழைதான் பெரிது. கொழுந்து ஏறுவதும் இறங்குவதும் இரண்டு பக்கமும் வேறு வேறு மாதம். அந்த ஏற்ற இறக்கத்தை நான் மாடலில் வைக்கவே இல்லை. அதனால் மழையின் வேலையெல்லாம் பாத்தியின் "ஞாபகம்" போல வேஷம் போட்டுக்கொண்டு அந்த எண்ணில் வந்து உட்கார்ந்திருந்தது.

தோட்டத்துக்குத் தோட்டம் ஒவ்வொரு ரவுண்டையும் தனித்தனியாக உள்ளே வைத்தேன். ரவுண்டு இடைவெளிகள் சமமில்லை, மழை மாதங்களில் பத்து நாள், வெயில் மாதங்களில் இருபதையும் தாண்டும். அதனால் நாட்கணக்கை வைத்து ஓடும் ஏஆர்-ஐப் போட்டேன். எண் பூஜ்யத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. தொடர்பே இல்லை, பாத்திக்குப் பாத்தி மாறும் ஒரு அடிப்படை அளவு, ரேண்டம் இன்டர்செப்ட், போதும், அதாவது எந்த இரண்டு ரவுண்டுக்கும் ஒரே அளவு தொடர்பு என்கிற காம்பவுண்ட் சிமெட்ரி, என்று மேடத்திடம் சொல்லியும் விட்டேன்.

ஒரு கூத்து என்னவென்றால், நான் ஆர் என்கிற புள்ளியியல் மென்பொருளில் போட்ட அந்த நாட்கணக்கு ஏஆர்-இல் எண் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில்தான் இருக்க முடியும். அதற்கு மைனஸ் போகத் தெரியாது. கதவு சாத்தியிருந்த பக்கம் யாரும் வரவில்லை என்று நான் சாட்சி சொன்ன கதை. மறுநாள் ரவுண்டு எண்ணை வைத்து ஓடும் சாதாரண ஏஆர்-ஒன்னைப் போட்டுப் பார்த்தபோது வந்தது மைனஸ் 0.3 சொச்சம். எந்த மாடல் தரவுக்கு நன்றாகப் பொருந்துகிறது என்று ஒப்பிடும் ஏஐசி-யும் அதன் பக்கம்தான் சாய்ந்தது.

மேடம் திரையைப் பார்த்துவிட்டு, "நெகட்டிவா? அது எப்படி வரும்? எங்கேயோ தப்பு இருக்கு தம்பி. ரிப்போர்ட்டுக்கு நாலு நாள்தான். சிம்பிளாவே போட்டுடலாமே" என்றார்.

அவரைக் குறை சொல்லமாட்டேன். நான் படித்த பாடப்புத்தக உதாரணங்களில் பெரும்பாலும் பாஸிட்டிவ்தான். இரத்த அழுத்தம், குழந்தைகளின் உயரம், நேற்று கூட என்றால் இன்றும் கூட. மைனஸ் வந்தால் முதலில் எனக்கே என் கோடின் மேல்தான் சந்தேகம் வரும். பாத்தியின் சொந்தச் சராசரியைக் கழித்தாலே கொஞ்சம் மைனஸ் வரும் என்பது வேறு இருக்கிறது. ஆனால் 22 ரவுண்டுக்கு அது 0.05-க்குப் பக்கம்தான், அதையும் மாடல் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இதை நான் சொல்லவில்லை. சொல்ல வந்தேன், அப்புறம் அந்த "நாலு நாள்" காதில் விழுந்தது.

சொல்லாமல் விட்டது இன்னொன்றும் உண்டு. செப்டம்பரில் கோத்தகிரித் தோட்டம் ஒன்றில் எடை போடும் இடத்தில் நின்றிருந்தேன். எடைப் புத்தகம் எழுதுகிற அக்காவின் குடும்பம் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையின் கண்டிப் பக்கத்திலிருந்து வந்தது. கவாத்துக் குச்சியை இன்னும் மிலாறு என்றுதான் சொல்வார். நாலாம் பாத்தியின் பை தராசுக் கொக்கியில் தொங்கிக்கொண்டு மெல்லச் சுழன்றது, முள் பாதிக்குக்கூட வரவில்லை. "என்னக்கா இவ்ளோதானா?" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "போன தடவை வழிச்சுப் பறிச்சாச்சு தம்பி. இந்தத் தடவை எங்கேர்ந்து வரும்?" என்றபடி பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு எழுதினார்.

மைனஸ் 0.3 என்பது அந்த ஒரு வாக்கியம்தான். ஒரு ரவுண்டில் ஒட்டப் பறித்தால் அடுத்ததில் குறையும். கிள்ளிய இடத்தில் புதுத் தளிர் எழும்பி இரண்டு இலையும் மொட்டுமாக நிற்க ஒரு ரவுண்டு போதாது, பல வாரம் வேண்டும். அன்று தலையை ஆட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். மேடத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது அது ஞாபகத்துக்கு வந்ததா? வந்தது என்றுதான் நினைக்கிறேன். பிற்பாடு வந்ததை நான் முன்னால் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறேனோ என்றும் இருக்கிறது.

மூடாக்கால் சராசரியில் என்ன வித்தியாசம் என்ற பெரிய கேள்விக்கு இரண்டு மாடலும் ஏறக்குறைய ஒரே விடைதான் சொல்லின. எல்லாப் பாத்திக்கும் எல்லா ரவுண்டும் இருந்தால் அப்படித்தான் இருக்கும். இதைச் சொல்லித்தான் முதல் சில மாதம் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். சிக்கியது இரண்டாவது கேள்வியில். ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட மாதங்களில் மூடாக்கு கூடுதலாக உதவுகிறதா? அடுத்தடுத்த ரவுண்டுகள் மேலும் கீழுமாகப் போய் ஒன்றையொன்று சரிக்கட்டினால், அவற்றின் சராசரி நாம் நினைப்பதைவிட உறுதியானது. ஏஆர்-ஒன்னில் ஸ்டாண்டர்ட் எரர், அதாவது மதிப்பீட்டின் தடுமாற்ற அளவு, சுருங்கி வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. காம்பவுண்ட் சிமெட்ரியில் அந்த வித்தியாசத்தின் நம்பக இடைவெளி பூஜ்யத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது.

ரிப்போர்ட்டில் "தெளிவான வேறுபாடு காணப்படவில்லை" என்று எழுதினேன். விவசாயிகளுக்குக் கொடுத்த துண்டுத்தாளில் அது "வேறுபாடு இல்லை" ஆகிவிட்டது. அதை எழுதியது நான் இல்லை. ஆனால் அச்சுக்குப் போகுமுன் என் மேஜைக்கு வந்துதான் போனது.

வடிவம் தப்பாக இருந்தாலும் தாங்கிக்கொள்ளும் சாண்ட்விச் எரர் இருக்கிறதே என்று ஒரு நண்பன் கேட்டான். இப்படித் திரும்பத் திரும்ப எடுத்த தரவுக்கு 1986-இல் லியாங், ஸீகர் என்ற புள்ளியியலாளர்கள் கொடுத்த வழி. அதற்கு ஒன்றையொன்று சாராத குழுக்கள் நிறைய வேண்டும். என்னிடம் தோட்டம் ஐந்துதான். அந்த எண்ணிக்கையில் சாண்ட்விச்சே எரரைக் குறைத்துக் காட்டும்.

என் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த மைனஸ் 0.3 பத்து மாதத்துக்கும் சேர்த்து ஒரே எண். பத்து நாளில் திரும்பப் பறிக்கும்போது போன ரவுண்டின் காயம் இருக்கும். இருபது நாளுக்கு மேல் விட்டால் செடி தேறியிருக்கலாம். அப்படியானால் நான் கேள்வி கேட்ட அந்த மாதங்களில்தான் இந்த எண் பொருந்தாது, சிம்பிள் மாடல்தான் சரி. நாலைந்து வறண்ட ரவுண்டை மட்டும் வைத்து இதைச் சோதிக்க முடியாது. ஆனால் இந்த வாதம் எனக்குத் தோன்றியது ரிப்போர்ட் போய் இரண்டு மாதம் கழித்து. "சரி மேடம்" சொன்னபோது மனதில் இருந்தது இது இல்லை. இருந்தது நாலு நாள்.

எண் மறுபக்கம் திரும்பியிருந்தால், ஏஆர்-ஒன் போட்டால் முடிவு மங்கிப்போகும் என்ற நிலை இருந்தால், சண்டை போட்டிருப்பேனா? போட்டிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. எச்சரிக்கையாக இருப்பவன் என்ற பெயர் எனக்குப் பிடிக்கும். இங்கே எச்சரிக்கையும் வாயை மூடிக்கொண்டிருப்பதும் ஒரே பக்கம் நின்றதால் எனக்கு வசதியாகப் போயிற்று.

இரண்டாம் வருடம் எடைப் புத்தகத்தில் நானே ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் சேர்த்தேன். முதல் வருடம் தேதி தோட்டத்துக்கு ஒன்றுதான் இருந்தது, இனிமேல் பாத்திக்குப் பாத்தி பறித்த தேதி. ஒரு பாத்தி இரண்டு நாள் தள்ளிப் பறிக்கப்பட்டால் அந்த ரவுண்டு கூடி அடுத்தது குறையும், அதுவும் மைனஸாகத்தான் தெரியும். செடியா, தேதியா என்று பிரித்துவிடலாம் என்ற நினைப்பு.

மார்ச் கடைசியில் புத்தகம் வந்தது. கோத்தகிரித் தோட்டத்தின் பக்கங்களில் எடைகள் பென்சிலில், ஈரம் பட்டு மங்கி. தேதிக் கட்டம் மட்டும் நீல மையில், ஒரே கையெழுத்தில், ஆறு பாத்திக்கும் ஒரே தேதி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை.