ஐந்து முறை ‘ஏன்’ கேட்டும் 6 மதிப்பெண்

எம்.பி.ஏ. இரண்டாம் வருடம், செயல்முறை மேலாண்மை இன்டர்னல் தேர்வு. ஒரு கேஸ், அதாவது ஒரு நிறுவனத்தின் பிரச்சினையைச் சொல்லும் சில பத்திகள், கொடுத்திருந்தார்கள்: சப்ளையர்களுக்குப் பணம் போய்ச் சேரத் தாமதமாகிறது, மூல காரணத்தைக் கண்டுபிடி, 15 மதிப்பெண். ‘ஐந்து ஏன்’ முறையில் மளமளவென்று எழுதினேன். ஏன் தாமதம்? பில்லுக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. ஏன்? மேனேஜர் மெயில் பார்ப்பதில்லை. ஏன்? வேலைப் பளு. ஏன்? ஆள் பற்றாக்குறை. ஏன்? நிர்வாகம் செலவைக் குறைக்கிறது. தீர்வு: இன்னும் இரண்டு பேரை வேலைக்கு எடுக்கலாம்.

6 மதிப்பெண் வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்வி: “இதில் எதைக் கேஸில் படித்தாய், எதை நீயே நினைத்துக்கொண்டாய்?” திரும்பப் படித்துப் பார்த்தால் கேஸில் மேனேஜரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

‘ஐந்து ஏன்’ ஒரு பண்புசார் (qualitative) முறை. அப்படியென்றால் கணக்குப் போட வேண்டாம், அவ்வளவுதான். ஆதாரமே வேண்டாம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ சொன்ன உதாரணம் எல்லா வகுப்பிலும் வரும். இயந்திரம் நின்றது, அளவுக்கு மீறிய சுமையால் ஃபியூஸ் போனது. பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. பம்ப் சரியாக எண்ணெய் ஏற்றவில்லை. பம்பின் தண்டு தேய்ந்திருந்தது. வடிகட்டி இல்லாததால் உலோகத் துகள் உள்ளே போயிருந்தது. இதில் ஒவ்வொரு படியும் யாராவது திறந்து பார்த்துச் சொல்லக்கூடியது. என் பதிலில் அப்படி ஒரு படிகூட இல்லை.

இது உறைத்தது பிராஜெக்ட்டின்போதுதான். கோவையில் ஒரு பம்ப் கம்பெனி, அங்கேயும் அதே புகார்: பில் பணம் தாமதம். முதலில் மீன்முள் படம் போட்டோம், அதாவது காரணங்களை வகை வகையாக ஒவ்வொரு முள்ளிலும் எழுதும் படம். 1960களில் ஜப்பானியத் தர நிபுணர் இஷிகாவா பரப்பிய முறை இது. ஆள், இயந்திரம், முறை, பொருள், அளவீடு, சூழல் என்று ஆறு முள். ‘ஆள்’ முள்தான் உடனே நிரம்பியது. அக்கவுண்ட்ஸ்காரர்கள் மெதுவாம், ஸ்டோர்ஸ்காரர்கள் அலட்சியமாம். ‘அளவீடு’ முள் காலியாகவே கிடந்தது. காலியாகக் கிடக்கும் முள்ளைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்று அப்போது தெரியாது.

நிறுத்தி வைத்திருந்த பில்களைக் கட்டாக வாங்கிக்கொண்டு ஸ்டோர்ஸில் போய் உட்கார்ந்தோம். பில்லும், பர்ச்சேஸ் ஆர்டரும், சரக்கு வந்ததற்கு ஸ்டோர்ஸ் போடும் ரசீதான ஜி.ஆர்.என்.னும் ஒத்துப்போனால்தான் சிஸ்டம் பணத்தை விடும். நிறுத்தி வைத்திருந்த பில்களில் பெரும்பாலானவை வார்ப்புச் சரக்குக்கு வந்தவை. டீ குடித்துக்கொண்டே ஸ்டோர்கீப்பர் அண்ணன் சொன்னார்: “வார்ப்பைக் கிலோவில் வாங்குறாங்க தம்பி, எனக்கு ஜி.ஆர்.என்.ல எண்ணிக்கைதான் போட வரும்.” சிஸ்டத்தில் அந்தப் பொருளை முதன்முதலில் பதிந்தபோது அலகை ‘எண்ணிக்கை’ என்று வைத்திருக்கிறார்கள், ஒரு வார்ப்பு எத்தனை கிலோ என்ற விவரத்தை யாரும் நிரப்பவில்லை. ஒவ்வொரு பில்லும் திரும்பி வந்து, எடை போட்டு, கையால் திருத்தி மறுபடி போகிறது. அக்கவுண்ட்ஸில் பத்துப் பேரைச் சேர்த்தாலும் இது தீராது.

சங்கிலி சரியா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ‘ஏன்’ கேட்டு இறங்கியதை ‘ஆகவே’ போட்டுக் கீழிருந்து மேலே படியுங்கள். எடை விவரம் பதியவில்லை, ஆகவே ஜி.ஆர்.என். எண்ணிக்கையில் வருகிறது, ஆகவே கிலோ பில்லோடு பொருந்தவில்லை, ஆகவே சிஸ்டம் நிறுத்துகிறது, ஆகவே பணம் தாமதம். எங்கும் இடறவில்லை. என் பழைய விடையை இப்படிப் படித்தால், “வேலைப் பளு, ஆகவே மெயில் பார்ப்பதில்லை” என்ற இடத்திலேயே கால் இடறும். வேலைப் பளு உள்ள எத்தனையோ பேர் மெயில் பார்க்கிறார்களே!

ஐந்து என்ற எண்ணுக்குப் பெரிய மரியாதை தர வேண்டாம். மூன்றில் முடிந்தால் முடியட்டும், ஏழு வரை போனாலும் தப்பில்லை. ஒரு ‘ஏன்’னுக்கு இரண்டு பதில் வந்தால் இரண்டு கிளையாகப் பிரித்து எழுதுங்கள்.

பிரச்சினையை எழுதும் முதல் வரியிலும் கவனம் வேண்டும். “ஒப்புதல் மெதுவாக நடப்பதால் பணம் தாமதம்” என்று எழுதினால் காரணத்தை முன்கூட்டியே தீர்மானித்துவிட்டீர்கள். “30 நாளில் தர வேண்டிய பணம் 45 நாள் ஆகிறது” என்றால் போதும்.

ஐ.ஐ.பி.ஏ. என்ற சர்வதேச வணிகப் பகுப்பாய்வு அமைப்பின் சி.பி.ஏ.பி. சான்றிதழ்த் தேர்வு எழுதுபவர்களுக்கு நிலைமை வேறு. மூன்றரை மணி நேரத்தில் 120 கேள்வி, எல்லாமே கொடுத்த விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுப்பது, படம் வரைய வேலையில்லை. காரணங்களை வகைப்படுத்திப் பரப்பிப் பார்க்க மீன்முள், ஒன்றைப் பிடித்து ஆழம் போக ‘ஐந்து ஏன்’ என்ற வித்தியாசம் தெளிவாக இருந்தால் போதும்.

விரிவான விடை எழுதும் தேர்வில், ஒவ்வொரு காரணத்துக்குப் பக்கத்திலும் கேஸின் எந்தப் பத்தியிலிருந்து எடுத்தோம் என்று எழுதிவிடுங்கள். கேஸில் இல்லாததை ஊகித்தால் ‘ஊகம், ஸ்டோர்ஸில் விசாரிக்க வேண்டும்’ என்று வெளிப்படையாகவே போடுங்கள். செமஸ்டர் தேர்வில் நான் அப்படி மூன்று இடத்தில் எழுதினேன். மூன்றுக்கும் டிக் விழுந்திருந்தது.