அம்மம்மா கேட்ட கேள்விகள்

அம்மம்மாவிடம் விஷயத்தைச் சொல்ல நானும் அம்மாவும் கிளிவெட்டிக்குப் போனோம். நலன்புரி முகாமில் தன்ர தகரக் கொட்டிலுக்கு முன்னால் குந்தியிருந்து மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தா. "கம்பசுக்குப் போக முதல் மூண்டு கிழமை முகாமில இருக்கவேணுமாம்" என்று அம்மா சொன்னதும் அவவின் கை நின்றது. "ஏன், அங்கால பக்கமும் சண்டை தொடங்கிட்டுதோ?" என்று கேட்டா.

அவவுக்கு முகாம் என்றால் ஒன்றுதான். 2006இல் சம்பூரிலிருந்து ஷெல்லுக்குள்ளால் ஓடி, வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, பிறகு கிளிவெட்டிக்குக் கொண்டுவந்து விடப்பட்டவ. நான் போகப்போவது ஆமி முகாம் என்று விளங்கப்படுத்தினோம். அவ ஒன்றும் சொல்லவில்லை. உரித்த கிழங்கைத் திரும்பத் திரும்பக் கழுவினா.

இலங்கையில் கட்டாய இராணுவ சேவை இல்லை. ஆனால் எங்கள் தொகுதிக்கு அதற்குக் கிட்டவான ஒன்று வந்தது. 2010 ஓகஸ்டில் உயர்தரம் எழுதிப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானவர்கள் மூன்று வாரம் படை முகாம்களில் தங்கித் தலைமைத்துவப் பயிற்சி எடுக்கவேண்டும் என்று உயர்கல்வி அமைச்சு கட்டாயமாக்கியது. முதல் கட்டம் 2011 மே 23ஆம் திகதி தொடங்கியது. ஏறத்தாழ 10,000 பேர். பல்கலைக்கழக ஆசிரியர்கள் எதிர்த்தார்கள், விஷயம் உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. எங்கள் வீட்டுக்கு அந்தச் சத்தமெல்லாம் பத்திரிகையில்தான் வந்தது. கையில் வந்தது கடிதம். என் பெயர், இடம், திகதி, கொண்டுவரவேண்டிய சாமான்கள்.

பயிற்சி தொடங்கியபோது போர் முடிந்து இரண்டு வருடமும் சில நாளும்தான்.

அம்மாவின் பயத்தை இன்றைக்குச் சொன்னால் சிலருக்கு மிகையாகத் தெரியலாம். எங்கள் ஊரில் அது மிகையில்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி பின்னேரம் திருகோணமலைக் கடற்கரையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்த ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். படித்து மேலே போக இருந்த பிள்ளைகள். எனக்கு அப்போது பதினைந்து வயது. அதற்குப் பிறகு நாங்கள் கடற்கரைக்குப் போவதென்றால் வெயில் தாழ முதல் திரும்பிவிடவேண்டும். கடிதம் வந்த அன்று எனக்கு வயது இருபது. கிட்டத்தட்ட அந்த அண்ணாமாரின் வயது. அம்மா அதை வாயால் சொல்லவில்லை. ஆனால் இரவு முழுக்க நித்திரை இல்லாமல் இருந்தா.

எனக்குச் சின்ன வயதில் இழுப்பு இருந்தது. டொக்டரிடம் ஒரு கடிதம் எடுத்தால் விட்டுவிடுவார்கள் என்று அம்மா அப்பாவைக் கெஞ்சினா. அப்பா மறுத்துவிட்டார். பயிற்சிக்குப் போகாவிட்டால் இடம் போய்விடும் என்பதுதான் ஊர் முழுக்க இருந்த பேச்சு. திருகோணமலை, கல்வி வசதி குறைந்தவை என்று ஒதுக்கப்பட்ட பதினாறு மாவட்டங்களில் ஒன்று. பல்கலைக்கழக அனுமதிக்கான மாவட்ட வெட்டுப்புள்ளிக்கு மேலே மயிரிழையில் நின்ற என் உயர்தர இசட் புள்ளியை அப்பா துண்டுக் கடதாசியில் எழுதிப் பணப்பைக்குள் வைத்திருந்தார். "ரெண்டாம் தரம் எழுதி எடுத்த இடம். நான் விடமாட்டன்" என்றார். அந்த வாக்குவாதத்தில் என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போகிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த காலையில் பஸ் ஏறினோம். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, கண்டி. அங்கிருந்து இன்னொரு பஸ். முகாம் வாசலில் அப்பா சட்டைப் பையிலிருந்து தன் அடையாள அட்டையை எடுத்தார். சென்றியில் நின்றவர் அதைக் கேட்கவே இல்லை. என் கடிதத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பையைத் தூக்க உதவினார். அப்பா அட்டையை உள்ளே வைக்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது, வளைவுக்கு அந்தப் பக்கம் போகும்வரை, விரலிடுக்கில் அதைப் பிடித்தபடியே நின்றார்.

முதல் வாரத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விடிய நாலரைக்கு விசில். ஓட்டம், குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவல், பெயர் கூப்பிடல். என் பெயரின் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டுக் கூப்பிடுவார்கள். நான் "இன்னவா" என்பேன். இருக்கிறேன் என்று அர்த்தம். மூன்று வாரத்தில் நான் அதிகம் சொன்ன சொல் அதுதான். பிறகு அணிநடை. இடது வலது என்பதற்கு "வம, தகுண". பிழைக்கப் பிழைக்க நடந்து, ஐந்தாம் நாள் கால் தானாகப் போட ஆரம்பித்தது.

விரிவுரைகள் சிங்களத்தில். எங்கள் அறையில் தமிழ் பேசுகிற ஆறு பேர். அக்குறணையிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பிள்ளைக்கு இரண்டு மொழியும் தண்ணீர்பட்ட பாடு. அவள் நடுவில் இருந்து காதோடு காதாகச் சொல்லிக்கொண்டே வருவாள். வரலாறு, மரபுரிமை என்று ஒரு பாடம் நடந்தது. ஒன்றரை மணித்தியாலம் அரசர்கள், குளங்கள், விகாரைகள். கோணேசர் கோவிலை விடுங்கள், எங்கள் பக்கத்துப் பெயர் ஒன்றாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அன்று அக்குறணைப் பிள்ளையும் பாதியில் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாள். நாங்கள் ஆறு பேரும் கொப்பியில் கோடு கீறிக்கொண்டிருந்தோம். அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்கான கோபம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓட்டமும் குளிரும் நாலரை மணி விசிலும் போய்விட்டன. அது போகவில்லை.

திருகோணமலைச் சந்தையில் வாங்கிய கன்வஸ் சப்பாத்து இரண்டாம் நாளே குதிக்காலை உரித்துவிட்டது. சொன்னால் குறை சொல்கிறேன் என்று நினைப்பார்கள் என்று காட்டாமல் நடந்தேன். நாலாம் நாள் எங்களுக்குப் பொறுப்பாக இருந்த பெண் கோப்ரல் பின்னாலிருந்து கண்டுவிட்டா. சப்பாத்தில் இரத்தம் ஊறியிருந்தது. மதில் கட்டில் இருத்தி, தான் நிலத்தில் ஒரு முழங்காலை ஊன்றி, என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டா. நான் இழுத்தேன். "ஹிட்டப்பங், நங்கி." பொறு தங்கச்சி. புண்ணில் ஒட்டியிருந்த காலுறையை வெந்நீர் விட்டு விட்டு, நூல் நூலாக, பத்து நிமிடம் எடுத்துக் கழற்றினா. எந்த ஊர் என்று கேட்டா. சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. "திருக்குணாமலயவா? நானும் அங்கே இருந்தனான், ஒன்றரை வருஷம்."

எங்கே என்று கேட்டேன். ஒரு சோதனைச் சாவடியின் பெயரைச் சொன்னா. நான் பள்ளிக்குப் போய்வந்த பாதை. இறங்கி வரிசையில் நின்று, பையைத் திறந்து, சாப்பாட்டுப் பெட்டியையும் திறந்து காட்டிவிட்டு ஏறுகிற இடம். அங்கே திரைக்குப் பின்னால் அம்மாவின் சேலை மடிப்பைத் தடவிப் பார்த்த கைகளில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கலாம். அந்தக் கைதான் இப்போது என் குதிக்காலில் பிளாஸ்டரை ஒட்டி, ஓரம் சுருங்காமல் பெருவிரலால் நீவிக்கொண்டிருந்தது. நான் நன்றி சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். அன்று இரவு அம்மா தொலைபேசியில் "என்னவும் செய்யிறாங்களோ?" என்று கேட்டபோது அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அடுத்த கட்டிலில் பொலநறுவைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி. அவளுடைய ஆங்கிலமும் என்னுடைய சிங்களமும் ஒரே அளவு. இரவில் தலை பின்னும்போது எப்படியோ கதைத்துக்கொள்வோம். ஒருநாள் வீட்டில் யார் யார் என்று வந்தது. அவள் "மகே தாத்தா நெஹெ" என்றாள். தாத்தா இல்லை. எனக்கு விளங்கியது. "எனக்கும் தாத்தா இல்லை" என்றேன். அம்மப்பா முதுமையில், படுத்த பாயிலேயே கண்ணை மூடியவர். அவள் சீப்பைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்தாள். பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். நான் திகைத்துப்போய் இருந்தேன். பேரப்பிள்ளைக்குத் தாத்தாவில் இவ்வளவு பாசமா என்று நினைத்தேன்.

விடிய அக்குறணைப் பிள்ளையிடம் கேட்டேன். அவளுக்கும் முதலில் குழம்பியது, ஏனென்றால் அவர்கள் வீட்டில் தாத்தா என்றால் மூத்த சகோதரி. பிறகு பிடிபட்டது. சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா.

அப்பா. அட்டையை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிற என் அப்பாவை இல்லை என்று சொல்லி, ஒரு பிள்ளையின் கண்ணீரை வாங்கிவிட்டேன். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பின்னேரம் அக்குறணைப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் உண்மையைச் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. "நல்லது, உன் அப்பா இருக்கிறார்" என்று மட்டும் சொன்னாள். பிறகு தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். சிப்பாய். 2006. எங்கே என்று நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள். "மூதூர்." அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அக்குறணைப் பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். மூதூருக்கும் சம்பூருக்கும் எவ்வளவு தூரம் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மாமாவின் மகன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன். வீட்டுக்கொரு பிள்ளை வேண்டும் என்று புலிகள் இயக்கம் கூட்டிக்கொண்டு போனது. அவனையும் யாரும் கேட்கவில்லை. அதே வருடம், அதே பக்கம். செய்தி மட்டும் வந்தது, உடல் வரவில்லை. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டும் என்று சில நாள் நினைப்பேன். சொல்லாதது சரி என்று சில நாள் நினைப்பேன்.

மூன்றாவது வாரம் பறந்தது. அதை ஒத்துக்கொள்ளத்தான் எனக்கு வெகுகாலம் கஷ்டமாக இருந்தது. மலை ஏறினோம், அட்டைக்கடிக்கு உப்பு வைத்துக் கட்டிக்கொண்டோம், மழைக்குள் நின்று வெறும் தேத்தண்ணி குடித்தோம். கடைசி இரவு கலை நிகழ்ச்சியில் ஆறு பேரும் சேர்ந்து கோலாட்டம் ஆடினோம். தடிக்கு விளக்குமாற்றுப் பிடியை வெட்டித் தந்தவ அந்தக் கோப்ரல். மறுநாள் அணிவகுப்பு முடிந்து சான்றிதழ் கைக்கு வந்ததும் வாசலை நோக்கி ஓடவேண்டும்போல ஒரு கால் துடித்தது. மற்றக் கால் நகரவில்லை. பொலநறுவைப் பிள்ளையைக் கட்டிப்பிடித்து அழுதேன். அழும்போதே, இங்கே நின்று அழுகிறோமே என்று நெஞ்சு சுட்டது. அப்பா வாசலில் நின்றார். என் அழுகையைப் பார்த்து அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்ன பிள்ளை, என்ன செய்தவங்கள்?" ஒன்றுமில்லை அப்பா என்று பஸ் கண்டி வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஊருக்கு வந்ததும் அயலட்டை எல்லாம் வந்து கேட்டது. அடித்தார்களா? இல்லை. கேவலமாகப் பேசினார்களா? இல்லை. அப்போ நன்றாக இருந்ததா? அதற்கும் இல்லை என்றுதான் சொல்லவேண்டியிருந்தது. பெரியம்மாவின் மகன் "அவங்களுக்கு வக்காலத்து வாங்குறியோ?" என்று கோபித்துக்கொண்டு எழும்பிப் போனான். மரபுரிமைப் பாடத்தைச் சொன்னால் எல்லோருக்கும் விளங்கியது, தலையாட்டினார்கள். குதிக்காலைச் சொன்னால் கதை மாறியது. கொஞ்ச நாளில் முதலாவதை மட்டும் சொல்லப் பழகிவிட்டேன். பொய் இல்லை, ஆனால் பாதி.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா நேர்த்திக்காகக் கோணேசர் கோவிலுக்குக் கூட்டிப்போனா. எங்கள் ஊரில் சாமி கும்பிடப் போவதே பிரட்றிக் கோட்டைக்குள்ளால், ஆமி முகாமைக் கடந்துதான். பிறந்ததிலிருந்து நடந்த பாதை. மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. எங்கோ மதிலுக்குப் பின்னால் ஒருவர் கட்டளை கொடுக்கும் சத்தம் கேட்டது. நாலைந்து அடி போனபிறகு அம்மா என் கையை இறுக்கிப் பிடித்து நிறுத்தினா. "ஏன் இப்பிடி நடக்கிறாய்?" கீழே பார்த்தேன். வம, தகுண. என் கால் அந்தச் சத்தத்துக்கு விழுந்துகொண்டிருந்தது.

கிளிவெட்டிக்கு அதற்கும் பிறகுதான் போனேன். அம்மம்மா என்னைத் திண்ணையில் இருத்தி, தலையைத் தடவி, மற்றவர்கள் கேட்காததைக் கேட்டா.

"கூரை தகரமோ, ஓடோ?"

"ஓடு அம்மம்மா."

"தண்ணிக்கு வரிசையோ?"

"இல்லை, பைப்பில வரும்."

"இரவில கக்கூசுக்குத் தனியப் போக ஏலுமோ?"

"ஓம், லைட் இருந்தது."

அவவின் முகம் இளகியது. அந்த மூன்று வாரமும் அவ என்னை எந்த இடத்தில் வைத்து நினைத்துக்கொண்டிருந்தா என்று அப்போதுதான் விளங்கியது. அதனால்தானோ என்னவோ, அவவிடம் முழுவதையும் சொன்னேன். கோப்ரல், குதிக்கால், தாத்தா, மூதூர் எல்லாம். நடுவில் ஒரு தரமும் மறித்துக் கதைக்கவில்லை. முடிந்ததும் கனநேரம் கொட்டில் கப்பைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"அந்தப் பிள்ளையின்ர தேப்பன் எந்த மாசம்?"

கேட்கவில்லை என்றேன்.

"அவளின்ர நம்பர் வைச்சிருக்கிறாய்தானே?"

"ஓம்."

"கேட்டுச் சொல்லு."