வீட்டில் நாய் இருக்கிறதா என்று நாங்கள் கேட்பதில்லை

துருக்கியின் திராப்சோன் நகரத்தில் 2021 ஜனவரியில் போன்ஜுக் என்றொரு நாய், தன் எஜமானரை ஏற்றிப்போன ஆம்புலன்ஸ் பின்னாலேயே ஓடியது. மகள் வந்து வீட்டுக்குக் கூட்டிப்போனாலும் மறுநாள் மறுபடி மருத்துவமனை வாசலில் வந்து நின்றது. பிரேசிலில் ரியோ டோ சுல் ஊரில் 2018 டிசம்பரில் வீடில்லாத ஒரு மனிதர் சிகிச்சைக்கு உள்ளே போக, அவருடைய நாய்களெல்லாம் கதவுப் பக்கம் வரிசையாக நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தப் படமும் உலகம் சுற்றியது. நான் நர்ஸ், போதாக்குறைக்கு நாய் வளர்க்கிறவள். ஆகவே இப்படி எது வந்தாலும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் எனக்குத்தான் அனுப்புவார்கள்.

பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கேமரா எப்போதும் வாசலில், நாய் பக்கமே நிற்கிறது. எனக்குத் தெரிந்தது உள்பக்கம்.

தென்மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் எலும்பு முறிவு வார்டில் வேலை பார்க்கிறேன். அதற்கு முன் ஆண்கள் மெடிக்கல் வார்டு. அட்மிஷன் போடும்போது நாங்கள் கேட்காத கேள்வி இல்லை. சுகர் உண்டா, பிரஷர் உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, பல்செட் மாட்டியிருக்கிறீர்களா, கூட இருக்கப்போவது யார். வீட்டில் நாய் இருக்கிறதா, அதற்கு யார் சோறு வைப்பார்கள் என்று கேட்க மட்டும் கேஸ் ஷீட்டில் இடம் கிடையாது. இரண்டாம் நாள் ராத்திரி அது தானாகவே வெளியே வரும்.

ஓர் ஆச்சியைச் சொல்கிறேன். வாசல் தெளிக்கும்போது வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து வந்தவர். காலில் வெயிட் கட்டித் தொங்கவிட்டு, எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுக்கவும் மயக்க மருந்து டாக்டர் பார்த்துச் சரி சொல்லவும் காத்திருந்தோம். வலிக்கு ஊசி போட்டும் தூங்கவில்லை. காலையில் படுக்கை விரிப்பு மாற்றும்போது தலையணைக்கு அடியில் நியூஸ்பேப்பர் பொட்டலம் ஒன்று. உள்ளே முந்தின நாள் இட்லி.

“எதுக்கு ஆச்சி இது? எறும்பு வரும்லா.”

“மணிக்குத்தாம்மா. ஊர்ப்பக்கம் யாராவது வந்தா குடுத்து விடலாம்னு.”

மணி என்பது பேரன் இல்லை என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பேரன் கோயம்புத்தூரில் இருக்கிறான். மணி ஆச்சியோடு இருக்கிற செவலை நாய். பக்கத்து வீட்டு அக்காவின் நம்பர் ஆச்சியின் சுருக்குப் பையில், ரேஷன் கார்டு ஜெராக்ஸின் பின்பக்கம் எழுதியிருந்தது. என் போனிலிருந்தே போட்டேன். “அது சோத்தத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கு. படியிலயே கெடக்கு” என்றார் அக்கா. ஸ்பீக்கரில் போட்டு ஆச்சியின் வாய்ப் பக்கம் நீட்டினேன்.

“ஏல மணி, தின்னுல. நான் வந்துருவேம்ல. சண்டித்தனம் பண்ணாத, அவா பாவம்.”

அந்தப் பக்கம் ஒரே சத்தம். அக்கா சிரித்துக்கொண்டே, “போனுக்குப் பொறத்தால போயி மோந்து பாக்கு ஆச்சி, ஒங்களத் தேடுது” என்றார். பக்கத்து பெட்டில் இருந்தவர்களும் அவர்களோடு இருந்தவர்களும் சிரித்தார்கள். ஆச்சி சிரிக்கவில்லை. என்ன போட்டே, எவ்வளவு தின்னுச்சு, அதோட தட்டுலயா இல்ல தரையிலயா என்று குறுக்கு விசாரணை. மறுநாளும் அதே நேரம் போன். அன்று மணி தின்றுவிட்டதாகச் செய்தி வந்தது.

உடனே பி.பி. இறங்கியது, நாய் பாசம் நோயை விரட்டியது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். வலி மருந்தும் அதன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. ஆனால் பொட்டலம் மடிப்பது நின்றது. கொடுத்த இட்லியை ஆச்சி முழுசாகச் சாப்பிட்டார். ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் வயசானவர் வயிறாரச் சாப்பிடுவது எங்கள் வார்டில் சின்ன விஷயமில்லை.

மெடிக்கல் வார்டில் இருந்தபோது பார்த்த கீதாரிக்கு இப்படி வாய்க்கவில்லை. ஆட்டுக்கிடை போடுகிறவர். முள் குத்தி, சீழ் பிடித்து, கால் முழங்கால் வரை வீங்கி வந்தார். நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் விடியற்காலை பெட் காலி. கையில் மருந்து ஏற்றக் குத்தியிருந்த வென்ஃப்ளான் குழாயோடு போய்விட்டார். ரிஜிஸ்டரில் ‘அப்ஸ்காண்ட்’, அதாவது சொல்லாமல் போய்விட்டார், என்று எழுதினோம். காரணம் எழுத அதில் கட்டம் இல்லை. கால் இன்னும் மோசமாகித் திரும்பி வந்தபோது டியூட்டி டாக்டர் திட்டித் தீர்த்தார். கீதாரி தலையைக் குனிந்தபடி என்னிடம் சொன்னார்: “ஆட்டக்கூட ஒருத்தன் பாத்துக்கிடுவான் சிஸ்டர். நாய்க்கு வேற எவன் கஞ்சி ஊத்துனாலும் குடிக்காது.” இது பொறுப்பில்லாத மனிதரின் பேச்சா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

படித்தவர்களுக்கு ஆராய்ச்சி வேண்டும் என்றால் அதுவும் உண்டு. 1980இல் அமெரிக்காவில் எரிகா ஃப்ரீட்மன் குழுவினர், இதய நோய்க்கான தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீடு திரும்பிய 92 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்தார்கள். வளர்ப்புப் பிராணி வைத்திருந்த 53 பேரில் இறந்தவர்கள் 3 பேர். இல்லாத 39 பேரில் 11 பேர். சின்னக் கணக்கு, நாய்தான் காப்பாற்றியது என்று இதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. நாயைக் கட்டி மேய்க்கிற தெம்பு உள்ளவர் முதலிலேயே கொஞ்சம் திடமாக இருந்திருக்கலாம். அதற்கும் முன்னால், 1859லேயே, நெடுநாள் படுக்கையில் கிடப்பவருக்குச் சின்ன வளர்ப்புப் பிராணி நல்ல துணை என்று ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் எழுதிவிட்டார். எங்கள் நர்சிங் பாடத்தில் அவர் விளக்கோடு நடந்ததைத்தான் சொன்னார்கள், இதைச் சொல்லவில்லை.

அப்படியானால் நாயை வார்டுக்குள் விடலாமா என்றால், என் வார்டில் விட மாட்டேன். கனடாவின் ஹாமில்டன் நகரில் நோயாளியின் சொந்த நாயையே படுக்கை வரை கொண்டுவர ஓர் அமைப்பு உருவானது. புற்றுநோயில் இறந்துபோன ஓர் இளைஞரின் அத்தை அவர் நினைவாக ஆரம்பித்தது. அமெரிக்காவில் மருத்துவமனைத் தொற்றியல் வல்லுநர்கள் 2015இல் தந்த வழிகாட்டுதலும் சொந்த நாயைப் பொதுவாக வேண்டாம் என்றுவிட்டு, நெடுநாள் நோயாளிக்கும் கடைசிக் காலத்தில் இருப்பவருக்கும் விதிவிலக்காக அனுமதிக்கலாம் என்கிறது. அங்கே தனி அறை இருக்கும். இங்கே இரண்டு கட்டிலுக்கு நடுவில் பாய் போட்டு இன்னொருவர் படுத்திருக்கிறார். ஒருவர் காலில் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், இன்னொருவருக்கு ஆறாத புண். நாயின் எச்சிலில் பாஸ்சரெல்லா மாதிரி கிருமிகள் சாதாரணமாகவே உண்டு. அதோடு, கீழே நாய்க்கடி ஊசிக்கு 0, 3, 7, 28 என்று நாள் கணக்குச் சீட்டோடு தினமும் வரிசை நிற்கிறது. அவர்கள் முன்னால் நாயை லிஃப்டில் ஏற்றினால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நோயாளி கேட் வரைக்கும் போகலாம். டாக்டர் சரி என்றால் வீல்சேரில் தள்ளிக்கொண்டு போய், வேப்பமரத்தடியில் பார்க்கவிட்டிருக்கிறோம். வெறிநாய் தடுப்பூசி போட்ட நாயாக இருக்க வேண்டும், கயிறு தெரிந்தவர் கையில் இருக்க வேண்டும், திரும்பி வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வீடியோ கால் இதைவிடச் சுலபம். ஆனால் நாய்க்கு அந்தச் சின்ன முகம் ஒரு பொருட்டே இல்லை, குரல்தான். ஆகவே முகத்தைக் காட்டுவதில் நேரத்தைப் போக்காமல் பேசச் சொல்வேன்.

டிஸ்சார்ஜ் அன்று நான் சொல்வது இன்னும் முக்கியம். வீட்டுக்குள் நேரே நடந்து போய்விடாதீர்கள். முதலில் நாயைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்தபிறகு விடச் சொல்லுங்கள். இத்தனை நாள் காணாத ஆளைக் கண்டதும் அது பாயும். வாக்கர் பிடித்து நிற்கிறவர் தாங்க மாட்டார். அப்புறம், நாய் நக்கினால் புண் ஆறும் என்ற பேச்சு. என் சொந்த அத்தையே சொல்வார். ஆறாது. சர்க்கரை நோயால் மரத்துப்போன கால் இருந்தால் ராத்திரி நாயைக் கட்டிலுக்குப் பக்கத்தில் படுக்கவிடவே வேண்டாம்; அது நக்குவதோ கடிப்பதோ உங்களுக்குத் தெரியாது.

ஆச்சி இப்போது வாக்கரோடு நடக்கிறாராம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட்டை மணி வாசலிலேயே நிறுத்திவிடுகிறது என்று அக்கா போனில் சொன்னார். ஆச்சி உள்ளேயிருந்து ஒரு அதட்டல் போட்டால்தான் வழி விடுகிறதாம்.

எங்கள் வார்டுக்குப் புது அட்மிஷன் ஷீட் அச்சுக்குப் போகிறது என்று கேள்விப்பட்டேன். ‘வீட்டில் வளர்ப்புப் பிராணி: பார்த்துக்கொள்பவர், போன்’ என்று ஒரு வரி சேர்க்க முடியுமா என்று நர்சிங் சூப்பிரண்டிடம் கேட்கப்போகிறேன். முடியாது என்றால் பேனாவால் எழுதிக்கொள்வேன், ஓரத்தில் இடம் இருக்கிறது.