"அட்டாக் தேதி சொல்லுங்க"

மாற்றுத்திறனாளி அட்டை வாங்கப் போன முகாமில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மூன்று முறை கேட்டார், "அட்டாக் எப்ப வந்துச்சு?" அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். தேதி இருந்தால்தானே சொல்ல? "அப்ப டிஸ்சார்ஜ் சம்மரியாவது கொண்டாங்க" என்று பைலை நகர்த்திவிட்டார். அண்ணன் ஒருநாள்கூட ஆஸ்பத்திரியில் படுத்ததில்லை. மண்டபம் ஊரிலிருந்து கார் பிடித்துப் போன காசு தண்டம்.

அண்ணனுக்கு இருப்பது பிரைமரி புரோகிரசிவ் எம்.எஸ். எம்.எஸ். என்றால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூளை, முதுகுத்தண்டு நரம்புகளைப் பாதிக்கும் நோய். நூறு எம்.எஸ். நோயாளிகளில் பத்துப் பதினைந்து பேருக்குத்தான் இந்த வகை. அட்டாக், அதாவது திடீரென்று வந்து தணியும் கட்டம், என்று தனியாகச் சொல்ல இருக்காது; தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லக் கூடும். நடுவில் சில மாதம் அப்படியே நிற்கவும் செய்யும். அண்ணன் மீன்பிடிக்கப் போகிறவர். முதலில் வல்லத்தில் (படகில்) ஏறும்போது கால் இடறியது, வயசு என்று விட்டோம். அப்புறம் மணலில் நடக்க முடியவில்லை. இப்போது கம்பு.

மதுரையில் ஸ்கேன், முதுகில் நீர் எடுத்தது எல்லாம் சிக்கலில்லை. அங்கே பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அக்காவுக்கு வேறு கதை. முதலில் கண் மங்கித் தெளிந்ததாம், பிறகு கை மரத்துச் சரியானதாம். பல வருஷம் அப்படி வந்து வந்து போனது, இப்போது அட்டாக்கே இல்லாமல் நடை மட்டும் குறைகிறது. அது செகண்டரி புரோகிரசிவ். அவரிடம் தேதி கேட்டால் கடகடவென்று சொல்வார்!

எங்களைக் காப்பாற்றியது அண்ணனின் மீன்பிடிப் பங்குக் கணக்கு நோட்டு. கடலுக்குப் போகாத நாள் வருஷா வருஷம் கூடுவதும், கடைசியில் கரையில் வலை தைத்த கூலி மட்டும் இருப்பதும் அதில் அப்படியே இருந்தது. இந்த வகை என்று சொல்ல ஒரு வருஷமாவது தொடர்ந்து மோசமாகியிருக்க வேண்டுமாம். நரம்பு டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்து, வருஷ வாரியாகக் கடிதம் எழுதினார். நீங்களும் எதையாவது எழுதி வையுங்கள், நடந்த தூரமானாலும் சரி.

இன்னொன்று. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் எம்.எஸ். பெயரோடு இருக்கிறது. "இது லிஸ்ட்ல இல்லையே" என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கத்தை நீட்டுங்கள், நான் நீட்டினேன். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் இவர்களுக்குக் கால் இன்னும் தளரும், நிழலில் ஆறினால் திரும்பும். முதல் தடவை அந்த வரிசையில்தான் அண்ணன் விழப் பார்த்தார்.

இரண்டாவது தடவை இருபது நிமிஷத்தில் முடிந்தது. அட்டை இன்னும் வரவில்லை. தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால் அண்ணிதான் முதலில் வாசலுக்குப் போகிறார்.