கையுறைக்குள் வந்த பந்து

நான் மெய்ப்புப் பார்க்கும் வேலையில் இருப்பவன். பிழையில்லாமல் புத்தகம் வெளிவந்தால் யார் பார்த்தது என்று எவரும் கேட்பதில்லை. அட்டையில் ஒரு ஒற்று விடுபட்டால் எல்லோரும் கேட்பார்கள். அப்படி ஒருமுறை விட்டுவிட்டேன். மறுநாள் வேலைக்குப் போகக் கால் எழவே இல்லை. அமெரிக்க பேஸ்பால் வீரர் கேரி மேடக்ஸின் கதை எனக்கு நெருக்கமானது அதற்குப் பிறகுதான்.

பேஸ்பாலில் சென்டர் ஃபீல்டர் என்பவர் மைதானத்தின் பின்பரப்பில் நடுவே நிற்பவர். பிலடெல்பியா பில்லீஸ் அணிக்கு அந்த இடத்தை மேடக்ஸ் காத்தார். 1975 முதல் 1982 வரை, எட்டு வருடமும், சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு கிளவ் விருது அவருக்கு. இடப்பக்கம் நின்ற கிரெக் லுசின்ஸ்கி பந்தை வெளுத்துக் கட்டுவார், ஆனால் கனத்த உடம்பு, வேகம் போதாது. அந்தப் பக்கம் போகும் பந்துக்கும் மேடக்ஸ்தான் பாய வேண்டும். உலகத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தண்ணீர் மூடியிருக்கிறது, மீதியை மேடக்ஸ் பார்த்துக்கொள்கிறார் என்றே ஒரு பேச்சு இருந்தது. 'பாதுகாப்பு அமைச்சர்' என்று பட்டப்பெயர் வேறு.

உண்மையிலேயே ராணுவத்தில் இருந்தவர் அவர். வியட்நாம் போரில் ரசாயனம் பட்டு முகத்தோல் கெட்டுப்போனதால்தான் அந்த அடர்ந்த தாடி.

1978 அக்டோபர் 7, லாஸ் ஏஞ்சல்ஸ். டாட்ஜர்ஸுடன் லீக் இறுதித் தொடரின் நான்காவது ஆட்டம். தோற்றால் தொடரே போச்சு. 3-3 என்று சமநிலையில் பத்தாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட். ஓடி முடித்தால் ரன் கிடைக்கும் என்று டாட்ஜர்ஸின் ரான் சே பேஸில் நிற்கிறார். டஸ்டி பேக்கர் அடித்த பந்து சென்டர் ஃபீல்டை நோக்கித் தாழ்வாக வந்தது. மேடக்ஸ் முன்னால் ஓடி வந்தார். பந்து கையுறையில் பட்டது, தங்காமல் கீழே விழுந்தது. அடுத்து பில் ரஸ்ஸல் அடித்தார், சே ஓடி வந்து ரன் எடுத்துவிட்டார். ஆட்டமும் தொடரும் முடிந்தன.

வெயில், வெளிச்சம் என்று அவர் எதன்மேலும் பழி போடவில்லை. பந்து கையுறைக்குள்தான் வந்தது, சாதாரண கேட்ச் என்று நிருபர்களிடம் ஒப்புக்கொண்டார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடிய இடம் இதுதான். தெரியாத வேலையில் தவறினால் மன்னிப்பு உண்டு. எந்த வேலைக்காக நம்மை வைத்திருக்கிறார்களோ அதிலேயே தவறிவிட்டு, அதைத் தன் வாயால் சொல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும். அந்த வருடமும் கோல்டு கிளவ் அவருக்குத்தான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

அப்புறம் 1980. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம், மறுபடி லீக் இறுதித் தொடர், ஐந்தாவது ஆட்டம். இம்முறையும் பத்தாவது இன்னிங்ஸ், 7-7. மேடக்ஸ் அடித்த டபுளில் (அடித்தவர் இரண்டாவது பேஸ்வரை போகும் அடி) சக வீரர் டெல் அன்சர் ஓடி வந்து ரன் எடுத்து அணியை முன்னுக்குக் கொண்டுபோனார். எதிரணிக்கு மிச்சமிருந்தது கடைசி ஒரு அவுட். ஈனோஸ் கேபெல் பந்தை உயர அடித்தார். அது சென்டர் ஃபீல்டுக்குத்தான் போனது.

பிடித்தார். சக ஆட்டக்காரர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.