45-ஆ, 63-ஆ? ஊட்டியில் ஒரு அரியர் பிராக்டிகல்

ஒருவழியாக கெமிஸ்ட்ரி பிராக்டிகல் அரியரை முடித்துவிட்டேன். ஆனால் முதல் தடவை நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

அன்றைக்குக் கோத்தகிரியில் முதல் பஸ்ஸைப் பிடித்து, கட்டபெட்டு வழியாக ஊட்டி வந்து, விறைத்த கையோடு பிப்பெட் பிடித்தேன். ஆக்ஸாலிக் அமிலக் கரைசலுக்கு எவ்வளவு பெர்மாங்கனேட் கரைசல் செலவாகிறது என்று பார்த்து பெர்மாங்கனேட்டின் செறிவைக் கண்டு, அதை வைத்து இரும்பின் அளவைச் சொல்வதுதான் சோதனை. மூன்று ரீடிங்கும் 14.3 மில்லி. துளிகூடப் பிசகவில்லை, அதனாலேயே தப்பு இருக்கும் என்று தோன்றவே இல்லை. ரிசல்ட் வந்தபோது பெயில்.

காரணம் சமான எடை. மூலக்கூறு எடையை, ஒரு மூலக்கூறு வினையில் கொடுக்கும் அல்லது வாங்கும் எலக்ட்ரான் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அது; ஆக்ஸாலிக் அமிலத்துக்கு இரண்டு எலக்ட்ரான். 0.1 நார்மல் (லிட்டருக்கு சமான எடையில் பத்தில் ஒரு பங்கு கிராம்) ஆக்ஸாலிக் அமிலம் 250 மில்லி தயாரிக்க வேண்டும். முந்தின வாரமே லேபில் ஒருவரிடம் சந்தேகம் கேட்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "90-ஐ ரெண்டால வகும்மா, 45" என்றார். அதை நம்பி 1.125 கிராம் நிறுத்தேன். 90 நீரில்லாத அமிலத்துக்கு; பாட்டிலில் இருந்ததோ இரண்டு நீர் மூலக்கூறு சேர்ந்த படிகம். அதற்கு மூலக்கூறு எடை 126, சமான எடை 63, எடுக்க வேண்டியது 1.575 கிராம். என் கரைசல் உண்மையில் 0.0714 நார்மல்தான். அதை 0.1 என்று வைத்துக் கணக்குப் போட்டதில் பெர்மாங்கனேட் 0.14 ஆகி, கடைசியில் இரும்பின் அளவு 40 சதவீதம் கூடுதலாக வந்து நின்றது. லேபிளிலேயே 126.07 என்று அச்சடித்திருந்ததை அடுத்த தடவைதான் பார்த்தேன். யாரையும் கேட்காதீர்கள், பாட்டிலைப் படியுங்கள்.

அப்புறம் எண்களை மனப்பாடம் செய்வதை விட்டு எலக்ட்ரானை எண்ணப் பழகினேன். மோர் உப்பு (இரும்பு கலந்த ஒரு உப்பு) மூலக்கூறு எடை 392, இரும்பு +2-லிருந்து +3, ஒரே எலக்ட்ரான், ஆகவே 392 அப்படியே. பெர்மாங்கனேட்டில் மாங்கனீசு +7-லிருந்து +2, ஐந்து, 158-ஐ வகுத்தால் 31.6.

இந்த 31.6 அமில ஊடகத்தில் மட்டும்தான். இரண்டாம் தடவை பயிற்சியில் எனக்குக் கலங்கலாகப் பழுப்பு வந்தது. நீர்த்த கந்தக அமிலம் போதாமல் மாங்கனீசு +4-லேயே நின்றுவிட்டால் மூன்று எலக்ட்ரான்தான், சமான எடை 52.7. பாதி அப்படி, பாதி இப்படி நடந்தால் எந்தக் கணக்கும் உதவாது. ஆக்ஸாலிக் அமிலத்தைச் சூடாக வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும்; நம்ம ஊர்க் குளிரில் இன்னொரு தொல்லை, ஃபிளாஸ்க் சீக்கிரம் ஆறிவிடும். 60 டிகிரிக்குக் கீழே போனால் மறுபடி சூடாக்குங்கள். முதல் சில துளியின் இளஞ்சிவப்பு மறைய நேரமாகும், அதை எண்ட் பாயிண்ட் (வினை முடிந்த இடம்) என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். மாங்கனீசு +2 கொஞ்சம் உருவான பிறகு அதுவே வினையை வேகப்படுத்தும்.

பரீட்சையில் 19.8, 19.8. எக்ஸாமினர் கணக்கை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். பஸ்ஸில் திரும்பும்போது அழுதேன்.

அடுத்த செமஸ்டரில் தயோசல்ஃபேட் வருகிறவர்களுக்கு ஒன்று: 248-ஐ இரண்டால் வகுக்காதீர்கள். சமன்பாட்டில் இரண்டு எலக்ட்ரான் வரும், ஆனால் அதை இரண்டு தயோசல்ஃபேட் சேர்ந்து கொடுக்கிறது; ஒன்றுக்கு ஒரு எலக்ட்ரான்தான், ஆகவே 248 அப்படியே.